நாற்பத்தொரு இடங்களில் மாற்றிய சொல்

சோஹார்
4 அக்டோபர் 2024

அன்புள்ள தக்ஷாயினி அக்காவுக்கு,

முனியசாமி எழுதுகிறேன். நலம் விசாரிப்பதையெல்லாம் கௌஸ் முகம்மது பாய் நேரிலேயே செய்துவிடுவார். துபாயிலிருந்து காய்கறி ஏற்றி வந்து இங்கே ஓமானில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார். கவரைக் கொடுத்ததும், “காலி லாரிதானே தம்பி, உன் சரித்திரத்தையே ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றார்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில் வேகமாகப் பேச, நான் ராமநாதபுரத் தமிழில் பதில் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் பாதி புரியாமலே “சரி சரி” என்று வைத்துவிடுகிறோம். எழுத்தில்தான் நமக்குச் சரிப்படுகிறது.

விஷயம் இதுதான். அஞ்சல்வழி பி.ஏ.வில் எல்லாப் பேப்பரும் முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு திட்டக் கட்டுரை பாக்கி. இதைக் கையால் எழுதித் தரக்கூடாதாம், டைப் செய்துதான் தர வேண்டுமாம். நவம்பர் 30 கடைசித் தேதி. தவறினால் முதல் வருஷத்திலிருந்து மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, இன்னொரு ஆறு வருஷத்துக்குத் தெம்பில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் துபாய் கராமாவில் பதினொரு பேரோடு ஒரே ரூமில் இருந்தபோது, விசா பேப்பருக்காக உங்கள் டைப்பிங் சென்டருக்கு வந்தேன். என் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “சரித்திரத்தில இவ்வளவு எடுத்துப்போட்டு ஏன் படிப்பை விட்டனீங்கள்?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் மாட்டியவன் இன்னும் வெளியே வரவில்லை.

தலைப்பு: ‘அமெரிக்காவில் ஆங்கிலேய, ஸ்பானியக் குடியேற்றங்களில் அன்றாட வாழ்க்கையும் சமூகமும்: ஓர் ஒப்பீடு’. பட்டியலில் மற்றதெல்லாம் ராஜாக்களும் போர்களும். இது ஒன்றில்தான் தெரு, வீடு, சாப்பாடு எல்லாம் வந்தது.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாளவில்லை அக்கா. ஸ்பானியர்கள் ஊர் கட்டுவதற்கே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு சதுக்கம் வேண்டும். அதன் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், திருவிழாவுக்குக் குதிரை ஓட்ட வசதியாக. சுற்றிலும் வளைவு வைத்த நடைபாதை, வியாபாரிகள் வெயில் படாமல் நிற்பதற்கு. இதை வாசித்ததும் கராமாவில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் நிழல் நடைபாதைதான் ஞாபகம் வந்தது. ஆங்கிலேயர்கள் அப்படியில்லை. வடக்கே வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து, நிலத்துக்கு வேலி போட்டு, பிரார்த்தனைக் கூடத்தைச் சுற்றிக் குடியிருந்தார்கள். தெற்கே வர்ஜீனியாவுக்கு வந்தவர்களில் முக்கால்வாசி எங்களைப் போன்ற ஆட்கள். கப்பல் செலவுக்காக நாலு வருஷம், ஏழு வருஷம் என்று ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த தனி ஆண்கள். இங்கே கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற எனக்கு அவர்கள் எல்லாரும் எங்கள் லேபர் கேம்ப் ஆட்களாகவே தெரிகிறார்கள்.

முதல் பதினெட்டுப் பக்கம் இத்துடன் இருக்கிறது. என் எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திவிடுங்கள்.

முனியசாமி


கராமா
13 அக்டோபர் 2024

தம்பி முனியசாமிக்கு,

பதினெட்டுப் பக்கமும் தட்டச்சு செய்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் இருந்து செய்தேன், அதனால் முதலாளி நெய்னா முகம்மது முகம் சுளிக்கவில்லை.

முதலில் சண்டை. முகப்புத் தாளில் பாடத்தின் பெயரை ‘காலணி ஆதிக்கக் காலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காலணி என்றால் செருப்பு! வெள்ளைக்காரன் சப்பாத்தை வைத்து ஆதிக்கம் செய்தானா? சரித்திரம் படிக்கிறவர் ன, ண விளங்காமல் எழுதலாமா? பத்தொன்பது வருடம் இந்தக் கதிரையில் இருந்து விசாத் தாள் அடிக்கிறேன். பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரு மனிதனை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். நான் எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் கையை விட்டு அனுப்பியதில்லை.

இனிப் புகழ்ச்சி. பதினான்காம் பக்கத்தை அடித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துத்தான் மற்றப் பக்கத்துக்குப் போனேன். ஸ்பானியர் குடியிருந்த வீடுகளைப் பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தபோது, முன்கூடத்தில் உடைந்து கிடந்த தட்டுகள் ஸ்பெயின் நாட்டுத் தட்டுகள், அடுப்படியில் உடைந்து கிடந்த சட்டிகள் அந்த மண்ணின் பெண்கள் வனைந்த சட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தனியாக வந்த ஆண்கள் அங்கேயே கலியாணம் செய்ததை ஓர் அடுப்படியை வைத்தே விளங்கப்படுத்திவிட்டீர்கள். வாத்திமார் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். உங்களுக்குக் கண் இருக்கிறது, தம்பி. இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. ஆங்கிலேயப் பெண்கள் கோதுமை விளையாத இடத்தில் என்ன சமைத்தார்கள்? சோளத்தை இடிக்கவும் ஊறவைக்கவும் அவர்களுக்கு யார் காட்டிக் கொடுத்தது? எழுதாமல் விட்டுவிட வேண்டாம்.

ஒரு சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் மாற்றியிருக்கிறேன், நாற்பத்தொரு இடம். நீங்கள் ‘குடியேற்றம்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘காலனி’ என்று போட்டிருக்கிறேன். ‘ன’தான் போட்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம். புத்தகங்களிலும் அப்படித்தானே இருக்கிறது. காரணம் கேட்க வேண்டாம்.

மிச்சப் பக்கங்களைக் கெதியாக அனுப்புங்கோ.

தக்ஷாயினி


சோஹார்
18 அக்டோபர் 2024

மேடம் அவர்களுக்கு,

டைப் செய்த பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மீதியை இங்கேயே யாரையாவது பிடித்து டைப் செய்துகொள்கிறேன். யாரும் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும்.

என் நிரந்தர முகவரி உங்களுக்குத் தெரியும். பி.ஏ. விண்ணப்பத்தில் நீங்களே டைப் செய்தீர்கள்: கதவு எண் 3/16, காலனித் தெரு. எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர் என்றால் கோயிலும் கடையும் பஸ் நிற்கிற இடமும் இருக்கிற பக்கம். காலனி என்றால் அதற்கு வெளியே, எங்களைத் தள்ளி வைத்திருக்கிற பக்கம். “பையன் எந்த இடம்?” என்று கேட்பவர்களிடம் “காலனி” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லாம் புரிந்துவிடும், பேச்சும் அதோடு நின்றுவிடும்.

முகப்பில் இருக்கும் பாடத்தின் பெயரை நான் மாற்ற முடியாது; உள்ளே தெரிந்துதான் குடியேற்றம் என்று எழுதினேன். பட்டமாவது அந்தச் சொல் இல்லாமல் வரட்டும் என்று நினைத்தேன். நீங்கள் நாற்பத்தொரு தடவை அதை என் தாளில் ஒட்டி அனுப்பிவிட்டு, காரணம் கேட்காதே என்றும் சொல்கிறீர்கள்.

செருப்பைப் பற்றியும் கிண்டல் செய்திருந்தீர்கள். என் அப்பா காலனியிலிருந்து பஸ்ஸுக்குப் போகும்போது, ஊர்த் தெரு முடிகிற வரைக்கும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். எங்களுக்கு ன, ண இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அதனால்தான் குழப்பம் வருகிறது போல.

இத்தனை வருஷம் செய்த உதவிக்கு நன்றி.

மு. முனியசாமி


கராமா
27 அக்டோபர் 2024

தம்பி,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கௌஸ் முகம்மதுவிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். “புள்ள சாப்பாட்டுக்குக்கூட மெஸ்ஸுக்கு வரமாட்டேங்கிறான்னு ரூம்காரங்க சொல்றாங்க” என்றார். என்னால் ஒருவர் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் காலனி என்றால் வெள்ளைக்காரன் பிடித்த நாடு. வேறு ஒன்றும் அதற்குள் இல்லை. ‘காலனித் தெரு’ என்று உங்கள் விண்ணப்பத்தில் அடித்தபோது, அரசாங்க உத்தியோகத்தர் குடியிருக்கும் தெருவாக்கும் என்றே நினைத்தேன். அறியாமல் செய்தது. அதைச் சொல்லித் தப்பவும் எனக்கு விருப்பமில்லை. காரணம் சொல்லாமல் இன்னொருவர் எழுத்தில் கை வைத்தது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கோ.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு வன்னிப் பக்கம் ஏழு ஏக்கர் வயலும் ஒரு வீடும் இருந்தன. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய இராணுவ ஜீப் ஒன்று வந்தது. விடிவதற்குள் எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்றார்கள். கதிர் முற்றி நின்ற வயல். அம்மா உலையில் போட்ட அரிசியைப் பானையோடு தூக்கிக்கொண்டு நடந்தா. அந்தச் சோறு வழியில்தான் வெந்தது. சில மாதங்களில் எங்கள் வயலிலும் வீட்டிலும் அரசாங்கம் கொண்டுவந்த வேறு ஆக்கள். பாதையோரத்தில் புதுப் பெயர்ப்பலகை, அதில் இன்ன இடம் ‘குடியேற்றத் திட்டம்’ என்று இருந்தது. அப்பா சாகும்வரைக்கும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. உங்கள் முதல் பக்கத்தில் அதை அடித்தபோது என் கை நின்றுவிட்டது. ‘குடியேற்றம் என்பது மனிதனின் மகத்தான துணிச்சல்’ என்று எழுதியிருந்தீர்கள். கப்பலில் வந்தவனின் பக்கம் நின்று பார்த்தால் சரியாகக்கூட இருக்கலாம். என்னால் அதை நாற்பத்தொரு தரம் அடிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். உங்கள் அப்பா செருப்பைக் கையில் பிடித்ததை வாசித்துவிட்டு, எங்கட ஆக்கள் யாரையும் அப்படி நடத்தவில்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். நடத்தினோம். எங்கள் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்பது எனக்கு அ, ஆ படிக்கும் முன்பே தெரியும். துரத்தப்பட்ட கதையை எல்லாருக்கும் சொல்கிறேன். கிணற்றுக் கதையை இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை.

நவம்பர் 30க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். எந்தச் சொல் வேண்டுமோ அதையே அடித்துத் தருகிறேன்.

தக்ஷாயினி


சோஹார்
1 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மெஸ்ஸில் இரண்டு தடவை சாப்பிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே டூட்டிக்குப் போனேன். கிரேன் ஆபரேட்டர் பாகிஸ்தான்காரர் அஸீம் மேலேயிருந்து, “முனி பாய், கை காட்டு! தியான் கிதர் ஹே?” என்று கத்திக்கொண்டே இருந்தார். கவனம் கராமாவில் இருந்தது. வழியில் வெந்த சோற்றில் இருந்தது.

உங்களைப் போல ஒருத்தரை நான் பார்த்ததில்லை அக்கா. காயம் பட்ட கதையை எல்லாரும்தான் சொல்வார்கள். கிணற்றுக் கதையை, அதுவும் என்னைப் போல ஒருத்தனுக்கு, கேட்காமலே எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்! கோபத்தில் ‘மேடம்’ என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு அக்கா என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை முதலிலிருந்து திருத்தி எழுதிவிட்டேன். அந்த ‘மகத்தான துணிச்சல்’ வரியை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம்தான் இந்தக் கட்டுரைக்கு முதுகெலும்பையே கொடுத்தது. இத்தனை நாளாக வித்தியாசங்களை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தேன், சதுக்கம் அங்கே, வேலி இங்கே, கோதுமை அங்கே, சோளம் இங்கே என்று. அவை ஏன் அப்படி இருந்தன என்பது இப்போதுதான் பிடிபட்டது. ஆங்கிலேயன் குடும்பத்தோடு வந்தான், அவனுக்கு நிலம் வேண்டும், ஆட்கள் வேண்டாம். அதனால் அங்கே இருந்தவர்களை வேலிக்கு வெளியே, இன்னும் வெளியே என்று துரத்தினான். ஸ்பானியன் அவர்களைத் துரத்தவில்லை, அவனுக்கு உழைப்பு வேண்டும், அடுப்படி வேண்டும். உள்ளேயே வைத்துக்கொண்டான், ஆனால் யார் யாருக்குக் கீழே என்று ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு பெயர் வைத்து வரிசையாக நிறுத்தினான். அழகான சதுக்கத்தில் எல்லாரும் கூடினார்கள், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலாவது உங்களுக்கு நடந்தது. இரண்டாவது எங்களுக்கு நடக்கிறது.

அதனால் இரண்டு சொல்லும் வேண்டும். மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் குடியேற்றம். தள்ளி வைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் காலனி. முதல் பக்கத்திலேயே, ‘இந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல’ என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ தெரியாது. என் முகவரியில் இருக்கிற சொல்லை என் கட்டுரையில் நானே எழுதினால், அது யாரும் ஒட்டியது ஆகாது.

உங்கள் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறேன். சோளத்தை விதைப்பதையும் இடிப்பதையும் ஆங்கிலேயர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள், பிற்பாடு அவர்களால் துரத்தப்பட்டவர்கள்தான். அந்தப் பெண்களைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதினேன். இரண்டு நாட்டுக்காரர்களும் பசியாறியது அவர்களால்தான். எழுதும்போது கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது.

குடியேற்றம் என்ற சொல் முப்பத்தொரு இடத்தில் வருகிறது. உங்களால் முடியாது என்றால், அந்த இடங்களைக் காலியாக விடுங்கள். பேனாவால் நான் எழுதிக்கொள்கிறேன். வற்புறுத்தவில்லை.

முனியசாமி


கராமா
24 நவம்பர் 2024

தம்பி முனியசாமிக்கு,

நாற்பத்தாறு பக்கமும் இந்தக் கவருக்குள் இருக்கின்றன. ஓர் இடமும் காலியாக விடவில்லை.

நேற்றைக்குக் கடையை உள்ளால் பூட்டிவிட்டு, தனியாக இருந்து அடிக்க நினைத்தேன். நெய்னா முகம்மது முதலாளி சாவியைத் தந்துவிட்டு, “ஒரு பி.ஏ.வுக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்து, அச்சடித்த பக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். வர்ஜீனியாவுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களைப் பற்றிய பக்கத்தில் நிமிர்ந்து பார்த்து, “இது நம்ம பயலுவ கதையில்ல?” என்றார். உங்கள் முதல் வாசகர் அவர்தான்.

முதல் ‘குடியேற்றம்’ அடிக்க நேரம் எடுத்தது. பத்தாவது தரம் அது வெறும் எழுத்தாக இருந்தது. இருபதாவது தரம் எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். கடைசித் தரம் அப்பாவின் வயலைப் பற்றி யாரோ அமெரிக்காவிலிருந்து சாட்சி சொல்வதுபோல இருந்தது. நாற்பது வருடமாக நான் ஒதுக்கி வைத்திருந்த சொல்லை நீங்கள் எனக்கே திருப்பித் தந்திருக்கிறீர்கள். எனக்குப் புகழத் தெரியாது, இதை அப்படி எடுத்துக்கொள்ளுங்கோ.

நாற்பத்தைந்து பக்கத்தையும் வழக்கம்போல இரண்டு தரம் வாசித்தேன். கடைசிப் பக்கத்தை ஒரு தரம்தான் வாசித்தேன். நீங்கள் ஒருக்கால் பார்த்துவிட்டு அனுப்புங்கோ.

தக்ஷாயினி


சோஹார்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ். முப்பதுக்கு இருபத்தாறு. இனி என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடலாம். கேம்ப்பில் அஸீம் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்து, “சரித்திர வாத்தியார்” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அவருக்கு உருதுவில் இருக்கிற எல்லாப் புகழ்ச்சியையும் அன்றைக்கே தீர்த்துவிட்டார்.

திருத்திய கட்டுரையை என் பெண்டாட்டி ஜோதிமணி பல்கலைக்கழகத்தின் மதுரை சென்டரில் வாங்கி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டு சொற்களைப் பற்றிய முதல் பக்கத்துக்குப் பக்கத்தில், ‘இப்படி யோசித்ததில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தாறு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு வட்டம்தான். கடைசிப் பக்கம், கடைசி வாக்கியம்: ‘குடியேற்றங்களிலும் காலணிகளிலும் அடுப்பெரித்த கைகளின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.’

ஆமாம் அக்கா, ‘ண’. பத்தொன்பது வருஷத்தில் உங்கள் கையிலிருந்து தப்பிய ஓர் எழுத்து. பதறாதீர்கள், இது எனக்கு அப்போதே தெரியும். வீட்டுக்குக் கூரியரில் போடும் முன்னால் பார்த்தேன். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது, சுழியைச் சரிசெய்ய அரை நிமிஷம் போதும். ஆனால் ஒரு தரம்தான் வாசித்தேன் என்று எழுதியிருந்தீர்களே. அடுப்பெரித்த அந்தக் கைகளில் உங்கள் அம்மாவின் கையும் இருந்ததால்தான் இரண்டாம் தரம் வாசிக்க முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதனால் தொடவில்லை. ஒரு மார்க் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையை டிசம்பருக்கு முன்னால் சென்டரில் சேர்க்க, ஜோதிமணி காலனியிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனாள். ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். இவளும் இத்தனை வருஷமாகக் கழற்றிக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குக் கழற்றவில்லையாம். “யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்று போனில் கேட்டேன். “பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. கையில உங்க புஸ்தகம் இருந்துச்சுல்ல, செருப்பைப் பிடிக்கக் கை ஏது?” என்றாள்.

தம்பி
முனியசாமி, பி.ஏ.
3/16, காலனித் தெரு